மடக்குக் கத்திகள்

தபால் தலை சேர்ப்பவரை உலகம் அறிவாளி என்கிறது. பழங்காசு சேர்ப்பவரை வரலாற்று ஆர்வலர் என்கிறது. கத்தி சேர்ப்பவனை மட்டும் ஏற இறங்கப் பார்க்கிறது. என் இல்லத்துக்கு முதன்முறையாக வரும் அன்பர்கள், கூடத்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் 41 மடக்குக் கத்திகளைக் கண்டதும், நாற்காலியைச் சற்றே பின்னுக்கு நகர்த்திக் கொள்வதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். அவர்களைத் தேற்றுவதற்கென்றே படைக்கல விதியை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்தியைத்தான் விதி ஆயுதம் என்கிறது. அதிலும் வீட்டுக்கும் வேளாண்மைக்கும் உரியவற்றுக்கு விலக்கு உண்டு. என்னிடம் இருப்பவற்றுள் மிக நீண்ட அலகு 4 அங்குலம். ஒரு மாம்பழத்தைக்கூட அதைக்கொண்டு ஒரே வீச்சில் பிளக்க இயலாது.

இந்தப் பித்து எனக்கு எங்கிருந்து தொற்றியது என்று கேட்பவர்களுக்கு, மட்டாஞ்சேரிக் காற்றிலிருந்து என்று விடை சொல்வது வழக்கம். அது முற்றும் வேடிக்கையன்று. என் தந்தையார் அம்பாசமுத்திரத்திலிருந்து பிழைப்புத் தேடி இவ்வூருக்கு வந்து, பஜார் ரோட்டில் ஒரு மலைச்சரக்கு மண்டியில் கணக்கெழுதியவர். அந்நாளில் மண்டி மனிதர்கள் அனைவர் மடியிலும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். மிளகு மூட்டையின் தரம் பார்க்கக் குத்தூசி போதும், கத்தி வேண்டாம். ஆனால் சாக்கின் சணல் தையலை அறுக்கக் கத்தி வேண்டும். சுக்கை வெட்டி நாரும் நிறமும் பார்க்கக் கத்தி வேண்டும். ஜாதிக்காயைக் குறுக்கே பிளந்து, உள்ளே பளிங்கில் ஓடும் கோடுகளைப்போல் தெரியும் வரிகளிடையே புழு துளைத்திருக்கிறதா என்று பார்க்கவும் அதுவே வேண்டும். அப்பா கணக்குப் பிள்ளைதான்; எனினும் வெட்டிப் பார்க்காத சரக்கைப் பேரேட்டில் ஏற்ற அவர் மனம் ஒப்பாது.

அவருடைய கத்தி எருமைக்கொம்புப் பிடியும் இரண்டு அலகுகளும் உடையது. பெரிய அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் ஒரு மால்ட்டா சிலுவையும் பொறித்திருக்கும். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை அது. அந்த முத்திரையைப் போலி செய்து பிழைத்தவர்கள் பலர் என்பதே அதன் மதிப்புக்குச் சான்று. இந்நிறுவனத்தார் 1822ஆம் ஆண்டுக்கென 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து வைத்து, பின்னர் ஆண்டுகள் ஏற ஏற அலகுகளையும் கூட்டிக்கொண்டே போனார்கள். விளம்பரந்தான். ஆனாலும் ஒரு நாட்காட்டியையே கத்தியாக அடித்த அந்தக் கிறுக்கை நினைத்தால் எனக்கு அவர்களிடம் ஒரு சொந்தம் தோன்றுகிறது.

மடக்குக் கத்தியின் வரலாறு முழுவதும் ஒரே ஒரு கேள்விக்கு மனிதன் கண்ட விடைகளின் வரலாறு என்று சொல்வேன். விரித்த அலகு விரலின்மேல் மடங்காமல் இருப்பது எப்படி? ரோமானியர் காலத்திலேயே மடக்குக் கத்தி உண்டு. அவற்றில் பலவற்றுக்கு வில் இல்லை. ஆணியின் இறுக்கமே காவல். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஷெபீல்டுக் கொல்லர்கள் பிடியின் முதுகில் ஓர் எஃகு வில்லை வைத்தார்கள். அலகின் அடிப்பகுதி சதுரமாகச் செதுக்கப்பட்டிருக்கும். வில் அச்சதுரத்தின் ஒரு முகத்தில் அழுந்தி நிற்கும். திறக்கும்போது முதலில் ஒரு முரண்டு, பாதியில் ஒரு தயக்கம், பிறகு ‘டக்’கென்று ஒரு முடிவு. இந்த ஓசையைக் கொண்டே கத்தியின் குலத்தைச் சொல்லிவிடலாம். வில் சோர்ந்த கத்தி முனகும். நல்ல கத்தி ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளும். அப்பாவின் ராட்ஜர்ஸ் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பின்னும் ஒற்றைச் சொல்தான் பேசுகிறது.

பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தியில் வில்லே கிடையாது. ஒரு துண்டு மரப்பிடி, அதில் ஒரு வெட்டு, ஓர் அலகு, ஓர் ஆணி; அவ்வளவுதான். 1955இல் பிடியின் கழுத்தில் திருகும் வளையம் ஒன்றைச் சேர்த்தார்கள். வளையத்தைத் திருகினால் அலகு அசையாது. இதைவிடக் குறைந்த உறுப்புகளைக்கொண்டு இதைவிடச் சிறந்த கத்தியை ஒருவர் செய்துகாட்டினால் என் அலமாரியை அவருக்கே கொடுத்துவிடுவேன். ஆனால் அது மலைக் காற்றுக்குப் பிறந்த கத்தி. நம் ஊர் இடவப்பாதி மழை தொடங்கி மூன்றாவது வாரத்தில் பீச் மரப்பிடி ஈரத்தை உண்டு ஊதிவிடும். அலகு உள்ளேயே சிறைப்பட்டுப் போகும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை என் ஒப்பினெல் துயில் கொள்ளும். கொச்சியின் உப்புக்காற்றில் கரி எஃகு துருவேறுவதும் பெருந்தொல்லை. தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுக்கேறி நாறும். தையல் இயந்திர எண்ணெயில் ஒரு துளி கிராம்புத் தைலம் கலந்து தடவுவதே என் வழக்கம். என் கத்திகளுக்கெல்லாம் பஜார் ரோட்டு வாசனைதான்.

ஜப்பானியருடைய ‘ஹிகோநோகாமி’ என்ற கத்தி இன்னும் எளியது. மடித்த தகடே பிடி. அலகின் வாலில் ஒரு சிறு நெம்புகோல் நீண்டிருக்கும். அதைப் பெருவிரலால் அழுத்தினால் கத்தி திறக்கும். அழுத்திக்கொண்டே இருந்தால்தான் திறந்தபடி நிற்கும். கையை நம்பிச் செய்த கத்தி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மிக்கி என்ற ஊரில் பிறந்து, பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவும் கத்தியாக நாடெங்கும் பரவிற்று. 1960 அக்டோபரில் சோஷலிஸ்டுக் கட்சித் தலைவர் அசனூமாவை மேடையிலேயே 17 வயது இளைஞன் ஒருவன் குத்திக் கொன்றான். சிறுவர் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் அதன்பின் வலுத்தது. அவர் உயிரைக் குடித்தது குறுவாள். தண்டனை அடைந்ததோ பென்சில் சீவும் கத்தி.

சட்டத்துக்கும் கத்திக்கும் உள்ள உறவு எங்கும் இப்படித்தான். மலபாரில் மாப்பிள்ளைமாரின் போர்க்கத்திக்கு எதிராக ஆங்கிலேயர் 1854இலேயே தனிச் சட்டம் இயற்றினார்கள். ஊர் ஊராகச் சென்று கத்திகளைத் திரட்டிய கலெக்டர் கானலி மறு ஆண்டு செப்டம்பரில் வெட்டிக் கொல்லப்பட்டார். உத்தரப் பிரதேசத்து ராம்பூரின் மடக்குக் கத்தி, இந்தித் திரைப்படங்களில் வில்லன் கையில் ‘கர்ரர்’ என்று பல் பல்லாகத் திறந்து திறந்தே பெயர் கெட்டது. நெடிய அலகுக்கு அரசு தடை விதித்தபின் அங்கே பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. 2023இல் அதே ஊர் நாற்சந்தியில் 20 அடி உயரத்தில் ஒரு கத்தியைச் சிலையாக நிறுத்தியிருக்கிறார்கள். தொழிலை நலியவிட்டுச் சிலை வைப்பது நம் நாட்டுக்குப் புதிதல்லவே. என்னிடம் ராம்பூர்க் கத்தி ஒன்றும் இல்லை. வாங்கவும் மனம் வரவில்லை. அச்சுறுத்துவதற்கென்றே ஓசை வைத்த கத்தியோடு ஒரு கூரையின்கீழ் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

சுவிட்சர்லாந்தின் சிவப்புக் கத்தியைப்பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் அது ஒன்றாவது இருக்கும். 1891இல் சுவிஸ் போர்வீரருக்கென வாங்கிய முதல் தொகுதிக் கத்திகள் செய்யப்பட்டது ஜெர்மனியின் சோலிங்கனில் என்பதையும், திருகாணியும் தக்கைத் திருகியும் சேர்ந்த அதிகாரிகள் கத்திக்குக் கார்ல் எல்ஸ்னர் உரிமை பெற்றது 1897இல் என்பதையும் மட்டும் குறித்துச் செல்கிறேன். நல்ல கருவிதான். ஆனால் எல்லா வேலையும் தெரிந்த மருமகனைப்போல, எந்த வேலைக்கு அழைப்பதென்று நமக்கே குழப்பம் வரும்.

இத்தனை நாட்டு எஃகையும் ஒரே பார்வையில் எடைபோட்டவர், மாதம் ஒருமுறை எங்கள் தெருவுக்கு மிதிவண்டிச் சாணையோடு வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர். தென்பாண்டிச் சீமைக்காரர், என்னை ‘அண்ணாச்சி’ என்றுதான் அழைப்பார். சாணைக்கல்லில் கத்தியை வைத்ததும் தெறிக்கும் பொறியைக் கண்ணிமைக்காமல் பார்ப்பார். பொறி பூவாக விரிந்து நுனியில் மீண்டும் வெடித்தால், “இது பழைய இரும்பு அண்ணாச்சி, சோறு தின்ன இரும்பு” என்பார். பொறி செம்மையாய்க் குட்டையாய் அவிந்தால், “இது துருப்பிடிக்காத சாதி, சுணை கம்மி” என்பார். உருக்கில் கரிச்சத்து மிகுந்தால் பொறி கிளைத்து வெடிக்கும் என்பது உலோகவியல் பாடம். அவர் அதைப் பள்ளியில் படித்தவரல்லர். சாணை பிடித்தபின் கட்டைவிரல் நகத்தின்மேல் வாயை மெல்ல வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் மறுபடியும் கல். கூலி வாங்குமுன் கத்தியை மடக்கித்தான் கொடுப்பார். விரித்த கத்தியை ஒருவர் கையில் கொடுக்கலாகாது என்பது அவர் கொள்கை.

இனி என் சேகரிப்பின் தலைப்பொருளுக்கு வருகிறேன்.

‘பேனாக்கத்தி’ என்ற சொல்லை நாம் அனைவரும் அறிவோம். பேனாவுக்கு எதற்குக் கத்தி என்று யாரும் கேட்பதில்லை. மேனாட்டார் இறகால் எழுதிய காலத்தில் இறகின் முனை எழுத எழுத மழுங்கும். அதைச் சீவிக்கொள்ளச் சிறு கத்தி ஒன்று எழுதுவோன் மேசைமேல் இருந்தாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிங்காமில் எஃகு முள் மலிவாகப் பெருகவே இறகு போயிற்று. கத்தி மட்டும் பழைய பெயரோடு சட்டைப்பையில் தங்கிவிட்டது. நம் நாட்டிலோ கதை நேர்மாறு. நம் எழுதுகோல் இரும்பு. அதற்குச் சீவல் வேண்டாம். நமக்குச் சீவ வேண்டியிருந்தது பக்கத்தை. ஓலையை அளவாக நறுக்க வேண்டும். ஓரம் வார வேண்டும். அங்கே கத்தி பேனாவுக்கு. இங்கே கத்தி ஏட்டுக்கு. ஆகவே நம் கொல்லர்கள் எழுத்தாணியையும் கத்தியையும் ஒரே கருவியாக்கினார்கள். தலையில் குண்டுள்ளது குண்டெழுத்தாணி. ஒரு முனையில் வாருகத்தியும் மறுமுனையில் ஊசியும் உள்ளது வாரெழுத்தாணி. இரண்டையும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம் என்றால் அது மடக்கெழுத்தாணி. தமிழ் அகராதியில் இம்மூன்று சொற்களும் உள்ளன. புழக்கத்தில்தான் இல்லை.

கொச்சிக்கும் ஓலைக்கும் உள்ள தொடர்பை இங்குள்ள நம்மவர் மறக்கலாகாது. டச்சுத் தளபதி வான் ரீடு இவ்வூரிலிருந்துகொண்டு தொகுத்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ என்ற பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் தம் குடும்பத்து ஏடுகளில் வழிவழியாக வந்த மருந்தறிவை அதற்குத் தந்தார். இலத்தீன் எழுத்தில் ஏறிய அந்த அறிவு முதலில் எழுத்தாணி முனையில் இருந்தது.

என் பாட்டனார் அம்பாசமுத்திரத்தில் திண்ணைப் பள்ளி நடத்தியவர். அவரிடம் ஒரு மடக்கெழுத்தாணி இருந்ததாம். அப்பா சிறுவயதில் அதை மடக்கியும் விரித்தும் விளையாடி அடி வாங்கியிருக்கிறார். “ஒரு பக்கம் கத்தி, ஒரு பக்கம் ஆணி, பித்தளைப் பிடி, நடுவில் ஒரு தாமரை மொட்டு” என்று விரலால் காற்றில் வரைந்து காட்டுவார். பாட்டனார் மறைந்தபின் ஏடுகளை ஆடிப்பெருக்கில் தாமிரபரணியில் விட்டார்கள். அது புண்ணியம் என்று கருதிய காலம். எழுத்தாணி பாத்திரக்காரரிடம் போய், பழைய பித்தளையோடு எடையில் ஏறிற்று. அப்பா இதைச் சொல்லும்போது ஏடு போனதற்கு வருந்தியதைவிட எழுத்தாணி போனதற்கே அதிகம் வருந்துவார். அவர் 1981இல் காலமானார்.

1994இல் யூதத்தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப்போல் ஒன்றைக் கண்டேன். அங்கே வாழ்ந்த யூதக் குடும்பங்களில் பெரும்பாலானவை இஸ்ரேலுக்குச் சென்ற பின்னர் அத்தெரு மெல்ல மெல்லப் பழம்பொருள் தெருவாக மாறியது. பழைய வீட்டுக் கதவு முதல் வெற்றிலைச் செல்லம் வரை அங்கே எதுவும் விலைக்கு நிற்கும். பெயர் மட்டும் உடன் வராது. பெட்டியிலிருந்த சீட்டில் ‘பழைய வைத்தியரின் அறுவைக் கத்தி’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கடைக்காரர் நல்லவர்; கையில் எடுத்துப் பார்க்கத் தந்தார். பித்தளைப் பிடி, வில் கிடையாது, ஆணியின் இறுக்கம் மட்டுமே. ஒரு பக்கம் சிறு கத்தி விரிந்தது. மறுபக்கம் ஊசி விரிந்தது. தாமரை மொட்டு இல்லை. வெறும் வரிகளே இருந்தன. ஆகவே அது பாட்டனாருடையது என்று கதை கட்ட எனக்கு இடமில்லை. அது என்ன என்று அவரிடம் சொன்னேன். “அப்படியா சார்?” என்று வியந்தவர், விலையைச் சற்று ஏற்றினார். வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவின் படத்தின்முன் வைத்தபோது, அவர் காற்றில் வரைந்த அளவு சரியாகவே இருந்ததைக் கண்டேன்.

அதே கடையில் தந்தப் பிடி போட்ட வேறொன்றும் இருப்பதாகப் பின்னொரு நாள் தாழ்ந்த குரலில் சொன்னார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1986இலும் 1991இலும் வந்த திருத்தங்களுக்குப் பின் தந்தத்தை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பார்க்கவேண்டும் என்றும் கேட்கவில்லை. பார்த்தால் ஆசை வரும்.

இப்போது சிக்கல் வேறு. எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மகன் கனடாவில் குடியேறிவிட்டான். “அப்பா, கத்திகளை எனக்குத் தாருங்கள், ஒப்படைக்கும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறேன்” என்கிறான். ஷெபீல்டும் சவாயும் ஜப்பானும் அப்படியே போகட்டும். வந்த வழியில் பாதி தூரம் திரும்பிப் போவதுதானே. மடக்கெழுத்தாணி போக முடியாது. நூறு ஆண்டைக் கடந்த பொருளைத் தனியார் நாட்டைவிட்டுக் கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. சட்டம் நியாயமானதே. ஆனால் அதன் பெயரைக் கேட்க விரும்பும் என் ஒரே பேத்தி இருப்பது கடலுக்கு அப்பால். காட்சிச்சாலைக்குக் கொடுத்துவிடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். கண்ணாடிக்குள் இருந்து ஒருமுறை அறுவைக் கத்தியானது போதாதா என்று எனக்குத் தோன்றுகிறது. எறணாகுளத்தில் இருக்கும் என் மகளிடம் விடலாம்; அவளுக்குக் கத்தி என்றால் காய் நறுக்கத்தான். அதுவும் ஒரு தகுதியே என்று சில நாள் எண்ணுகிறேன். அவள் கையில் எதுவும் துருப்பிடிப்பதில்லை.

சென்ற விடுமுறையில் பேத்தி வந்திருந்தாள். வயது பதினொன்று. அங்கே வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பாலக்காட்டிலிருந்து தருவித்திருந்த பதப்படுத்திய பனையோலை ஒன்றை எடுத்து, மடக்கெழுத்தாணியின் கத்தியால் ஓரம் வாரிக் காட்டினேன். இடக்கையில் ஓலை, இடக்கைப் பெருவிரலின்மேல் ஆணி சாய்ந்திருக்க வேண்டும். ஆணி நகராது, ஓலைதான் நகரும். பழைய எழுத்துக்காரர்கள் அந்த விரல் நகத்தை வளர்த்து, ஆணி பதிய அதில் பள்ளம் வெட்டிக்கொள்வார்களாம் என்றேன். “தாத்தா, எனக்கு நகம் வளர்க்கக் கூடாது, பள்ளிக்கூடத்தில் திட்டுவார்கள்” என்றாள். நகமின்றியே முயன்றாள். முதல் ஓலை கிழிந்தது. இரண்டாவதில் கோடு போன இடத்தில் எழுத்து இருப்பதே தெரியவில்லை. “ஒன்றுமே வரவில்லையே” என்று முகம் சுருங்கினாள். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஓலைமேல் பூசித் துணியால் துடைக்கச் சொன்னேன். அவள் பெயர் கோணலாக, ஒரு சுழி குறைந்து, கறுப்பாக எழுந்து வந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தியை மடக்கினாள், ஆணியை மடக்கினாள், என் கையில் கொடுத்தாள். மடக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்கவில்லை.

எழுத்தாணி அலமாரிக்குத் திரும்பிற்று. ஓலைக்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. பயணத்தில் முறியாமல் இருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துச் சணல் சுற்றிக் கொடுத்தேன். புத்தகப் பையில் வைத்துக்கொண்டு போனாள். விமான நிலையத்தில் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை என்று மறுநாள் தொலைபேசியில் சொன்னாள். அதில் அவளுக்குச் சற்று ஏமாற்றம் போலும்.